ஆடியில் இடிந்த வீடு

"திருடன் யாருன்னு எனக்கே தெரியுமுங்க. நீங்க கண்டுபிடிக்க ஒண்ணுமில்லைங்க. நிரூபிச்சுக் குடுத்தாப் போதும்."

இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவரை நான் பக்தியோடு பார்த்தேன். குற்றவாளியைக் கையோடு கொண்டுவந்து கொடுக்கும் வாடிக்கையாளர் எங்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை. வழக்கமாக வருகிறவர்கள், மாப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் சிகரெட் பிடிக்கிறாரா என்று கேட்கும் பெண் வீட்டார். அதற்குப் போய் நான் பிடித்த சிகரெட்டுகள்தான் அதிகம்.

ராம்நகரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது ரெபேக்கா மேடத்தின் துப்பறியும் நிலையம். மேடம் பன்னிரண்டு வருடம் வங்கியில் சொத்துப் பத்திரம் சரிபார்த்தவர். நான் தம்பிதுரை, வயது ஐம்பத்திரண்டு, உதவியாளன். முன்பு பழைய கார் புரோக்கர். நான் விற்ற கார்களை வாங்கியவர்கள் என்னைத் தேடி நடந்தே வர ஆரம்பித்தபோது இந்தத் தொழிலுக்கு ஒதுங்கினேன்.

வந்திருந்தவர் அவிநாசி நஞ்சுண்டன். அறுபத்தொரு வயது. இந்தோனேஷியாவில் பலெம்பாங் என்ற ஊரில், ஒரு நூற்பாலையில் பதினேழு வருடம் மெயின்டனன்ஸ் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மூசின்னு ஒரு ஆறுங்க. கப்பலே போகும். ஆத்துக்கு அக்கரையில ஊடெல்லாம் மரக்கால் மேல நிக்கும். தண்ணி ஏறுச்சுன்னா நம்ம படிக்கட்டுல படகு வந்து முட்டும். காய்கறிக்காரி ஜன்னலுக்குக் கீழ படகை நிறுத்திக் கூப்பிடுவா. அங்க ஒரு ஊடு வாங்குனேனுங்க."

"பார்த்து வாங்குனீங்களா?" என்றார் மேடம்.

"மூணு வருசம் பார்த்தேன். ஒவ்வொரு காலுலயும் பழைய வெள்ளக் கோடு எது வரைக்கும் இருக்குதுன்னு பார்த்தேன். மரத்தைத் தட்டிப் பார்த்தேன், இரும்பாட்டம் சத்தம் வந்துச்சு. அக்கம்பக்கம் விசாரிச்சேன். எல்லாம் பார்த்தேனுங்க. யாரு பேருல வாங்கறோம்னு மட்டும் பார்க்கலை."

அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர் பெயரில் வீட்டுக்குச் சொந்தப் பட்டா கிடைக்காது. அதனால் நண்பர் ஆரோக்கியதாஸ் பெயரில் வாங்கியிருக்கிறார். ஆரோக்கியதாஸ் நம்ம மதுக்கரைக்காரர். அதே ஆலையில் எலக்ட்ரீஷியன். அங்கேயே கல்யாணம் செய்து, அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டவர்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாச்சும் எழுத்து?"

"ஒன்பது வருசம் ஒரே ரூம்ல படுத்தவனுங்க. அவங்கிட்டப் போயி எழுதிக் குடுன்னு கேப்பேனுங்களா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் மச்சானுக்கு நான் எழுத்தில்லாமல் கொடுத்த பைக் இன்னும் ஈரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே தங்க அனுமதி உண்டு. அது கிடைத்தால், பட்டா இல்லாவிட்டாலும், அனுபவ உரிமை என்று ஒரு பத்திரத்தைத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம். 'வா, உன் பேருக்கு மாத்திக்க' என்று தாஸே கூப்பிட்டிருக்கிறார். நஞ்சுண்டன் புரட்டாசிக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டார், தனக்கும் மனைவிக்கும். மிச்சக் காலம் அந்த ஆற்றங்கரையில்தான் என்று முடிவு. ஆடி இருபதாம் தேதி தாஸிடமிருந்து போனில் செய்தி வந்தது:

'நஞ்சுண்டா, ஆடி வெள்ளத்துல ஆறு பொங்கி, கரை சரிஞ்சு, ஊடு போயிருச்சு. ஒண்ணும் மிஞ்சலை. வர வேண்டாம்.'

கூடவே ஒரு படம். பழுப்புத் தண்ணீர், சரிந்த கூரை.

"பொய்யிங்க!" நஞ்சுண்டன் மேஜையைத் தட்டினார். "ஆடியில அங்க சொட்டு மழை இருக்காது. ஆறு சுருங்கிக் கெடக்கும், காட்டுத் தீப் புகை ஊரை மூடியிருக்கும். வெள்ளமெல்லாம் மார்கழி, தையிலதான். பதினேழு வருசம் அந்தத் தண்ணி குடிச்சவங்கிட்டயே இப்படிச் சொல்றான்னா, என்னை எத்தனை கேனையன்னு நெனச்சிருப்பான்?"

மேடம் படத்தைப் பெரிதாக்கினார். ஓரத்தில் பாதி மூழ்கிய ஒரு பலகை தெரிந்தது. அதில் மலையாளத்தில் 'ரேஷன் கடை' என்று இருந்தது.

"சுமத்ராவுல மலையாளிங்க டீக்கடை போட்டிருக்காங்கன்னு சொன்னா நம்புவேன் மேடம்," என்றேன். "ரேஷன் கடையே வெச்சிருக்காங்கன்னா கொஞ்சம் ஓவருங்க."

"படத்துக்கு மேல பாருங்க துரையண்ணா. ஃபார்வர்டட். இது தாஸ் எடுத்த படம் இல்லை. யாரோ அவருக்கு அனுப்பி, அவரு இவருக்குத் தள்ளிவிட்டது." பிறகு நஞ்சுண்டன் பக்கம் திரும்பினார். "தாஸ் ஆளு எப்படிங்க? விவரமானவரா?"

"ஓடற மிஷினை நிறுத்தாம ஒயரு மாத்துவானுங்க."

"ஊட்டுல அம்மணி என்ன சொன்னாங்க?"

"ராசாத்தாளுங்களா? ஊடு போனாப் போகுது, ஆளு நல்லாருந்தாச் சரின்னா. அவளுக்கு அதைப்பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. இப்ப அந்தத் திருடன் மதுக்கரையிலதான் இருக்கறான், தங்கச்சி ஊட்டுல. வந்து ஒரு வாரமாச்சு. என்னைப் பார்க்க வரலை. அது ஒண்ணு போதாதுங்களா?"

"சாயங்காலம் நாலு மணிக்கு நாங்க அவிநாசிக்கு வாரோம். அது வரைக்கும் நீங்க தாஸ் கண்ணுல படக் கூடாது. சரிங்களா?"

"சரிங்க," என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

*

மதுக்கரையில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தது ஜெயக்கொடி, தாஸின் தங்கை. ஆஸ்பத்திரி நர்ஸ். ஊசி போடுகிற பார்வை.

"யாருங்க?"

"ஆரோக்கியதாஸ் சாரைப் பார்க்கணுமுங்க. நஞ்சுண்டன் விசயமா."

"திருடன் மூஞ்சி எப்படியிருக்கும்னு பார்க்க வந்தீங்களா? நேத்தே வந்திருந்தா எங்க கோயில் வாசல்லயே பார்த்திருக்கலாமே!"

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்கம்மாவோட முதல் வருச நினைவுப் பூசைங்க நேத்து. சனம் வெளிய வருது. பங்குச் சாமியார் எங்கண்ணன் கையைப் புடிச்சுப் பேசிட்டிருக்கறாரு. அங்க வந்து நிக்கறாரு உங்க நஞ்சுண்டன். 'சாமியோவ், கையை எண்ணிக்குங்க, விரலைக் கழட்டிருவான்'ங்கறாரு. எல்லாரும் பார்க்கறாங்க. எங்கண்ணன் ஒரு வார்த்தை பேசலைங்க. சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் தலையைத் தொங்கப்போட்டுட்டு நடந்து வந்தாரு."

காலையில் எங்கள் எதிரே உட்கார்ந்து கதை சொன்னவர் இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"அவரு சம்சாரம் எப்படி, இவரு எப்படி!" ஜெயக்கொடி நிறுத்தவில்லை. "எங்கம்மா ரெண்டு வருசம் படுக்கையிலங்க. எனக்கு டூட்டி. அந்த அக்கா அவிநாசியில இருந்து ரெண்டு பஸ் மாறி, வியாழக்கிழமை தவறாம வந்து எங்கம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவிட்டுப் போகும். ஒரு வாய் காப்பி குடிக்காது. அதுக்கு வாச்ச புருசனைப் பாருங்க!"

உள்ளேயிருந்து, "அவங்களை விடு ஜெயா," என்று குரல் வந்தது.

ஆரோக்கியதாஸ் ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. கண்ணுக்குக் கீழே மட்டும் யாரும் இஸ்திரி போடவில்லை.

"கேளுங்க," என்றார்.

"வீடு இருக்குதா சார்?"

அவர் போனை எடுத்து வீடியோ அழைப்பு போட்டார். அந்தப் பக்கம் அவருடைய மனைவி. இவர் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்ல, அந்த அம்மா போனோடு நடந்தார். பக்கத்து வீட்டுப் படியேறினார். கதவு திறந்தது.

மஞ்சள் பெயின்ட் அடித்த பலகைச் சுவர். துவைத்த திரைச்சீலை. கூட்டித் துடைத்த தரை. ஜன்னலுக்கு வெளியே, எங்கேயோ கீழே ஆறு. வீட்டுக்கு அடியில் வெறும் சேறு, வானம் முழுக்கப் புகை.

"வாரத்துக்கு ஒருக்காத் தொறந்து கூட்டிப்போடறோம்," என்றார் தாஸ். "பூட்டி வெச்ச ஊடு கெட்டுப்போயிருமுங்க."

"அப்புறம் ஏன் போயிருச்சுன்னு எழுதுனீங்க?"

"எழுதுனேன்."

"ஏன்?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

நான் பொறுமையிழந்தேன். "சார், திருடுனவனும் இல்லைன்னுதான் சொல்லுவான், திருடாதவனும் இல்லைன்னுதான் சொல்லுவான். நீங்க ரெண்டு கட்சியிலயும் சேராம உக்காந்திருந்தா நாங்க எந்த நாற்காலியில உக்காரறதுங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேடத்திடம் நீட்டினார்.

"அவன் பேருக்கு மாத்தறதுக்கான பேப்பருங்க. நானும் எம் பொண்டாட்டியும் அங்கயே நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டாச்சு. தங்கறதுக்கு அனுமதி வாங்கி, அவன் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. பூசை முடிஞ்சு அவிநாசிக்குப் போயி நேர்ல குடுக்கலாம்னு கொண்டாந்தேன். இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்களே குடுத்துருங்க."

"வீடு போயிருச்சுன்னு சொல்றதா யாருக்கோ வாக்குக் குடுத்திருக்கீங்க. இப்ப இதைக் குடுத்தா வாக்கு என்னாகும்?"

தாஸ் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். "சொல்றதாத்தானுங்க வாக்கு. சொல்லிப்போட்டேன். நல்லாச் சொல்லணும்னு யாரும் வாக்கு வாங்கலை. எனக்கு எழுதி வந்ததை ஒரு எழுத்து மாத்தாம அனுப்பினேன். பதினேழு வருசம் அந்த ஆத்துல கெடந்தவன், பார்த்ததும் பொய்யின்னு கண்டுபிடிப்பான்னு நெனச்சேன். கண்டுபிடிச்சான்." அலமாரியைச் சாத்தினார். "எனக்குப் போனைப் போட்டு, 'ஏண்டா தாஸு, உனக்கு என்னடா ஆச்சு?'ன்னு கேப்பான்னு நெனச்சேனுங்க."

*

அவிநாசி ரோட்டில் என் மாருதி அதன் வயசுக்கு ஏற்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு டவுன் பஸ் எங்களை இரண்டு முறை முந்தியது. நடுவில் அது எங்கே நின்றது என்று தெரியவில்லை.

"மேடம், வீடு இருக்குது, பத்திரம் இருக்குது, திருடன்தான் இல்லை. இந்தக் கேஸை நம்ம கணக்குல எதுல சேர்க்கறது?"

"நஞ்சுண்டன் காலையில ஒரு தடயம் கொண்டுவந்தாரு துரையண்ணா. நல்ல தடயம். தலைகீழாப் புடிச்சுக்கிட்டு வந்தாரு."

"புரியலைங்க."

"தாஸ் முப்பது வருசமா அந்த ஆத்தங்கரையில இருக்கறாரு. அவரு ஏமாத்தணும்னு நெனச்சா எந்த மாசத்தைச் சொல்லுவாரு?"

"மார்கழி வரைக்கும் பொறுத்திருந்து சொல்லுவாரு."

"ஆறுன்னா ஆடியிலதான் பொங்கும்னு நெனைக்கற ஆளு யாரு?"

"பவானி, காவேரி பார்த்து வளர்ந்த ஆளு. அது கொங்கு நாட்டுல பாதிப் பேருங்க மேடம். நானே அப்படித்தான் நெனச்சேன்."

"அந்தப் பாதிப் பேர்ல எத்தனை பேருகிட்ட தாஸ் நம்பர் இருக்கும்? எத்தனை பேரு கேட்டா தாஸ் வாயை மூடிக்கிட்டு திருடன் பட்டம் வாங்குவாரு?"

நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்திருக்க வேண்டியதில்லை. அதுவாகவே நிற்கிற நேரம்தான்.

"வியாழக்கிழமை," என்றேன்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

நஞ்சுண்டன் வீட்டுக்கு முன்னால் நீளமான தகரக் கொட்டகை. உள்ளே தையல் மெஷின்கள் ஓடின. பனியன் துணி மலையாகக் கிடந்தது. நடுவில், கழுத்தில் இஞ்சுடேப்போடு ராசாத்தாள். ஒரு பெண்ணிடம் தைத்ததைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டே எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"இவரு குளிக்கறாருங்க. காப்பி வெக்கட்டுங்களா?"

"வேண்டாங்க அக்கா." மேடம் உட்காரவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறோம். பலெம்பாங்ல ஆடி மாசம் மழை பெய்யாதுங்க."

ராசாத்தாளின் கை இஞ்சுடேப்பில் நின்றது.

"பெய்யாதுங்களா?" என்றார் மெதுவாக. "ஆறுதானுங்களே அது? ஆறுன்னா ஆடியில பொங்காதுங்களா?"

பிறகு அவர் ஒளிக்கவில்லை. கொட்டகை ஓரத்துக்கு எங்களைக் கூட்டிப்போய், துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"படம் ஷைமா போன்ல இருந்துச்சுங்க. நம்மகிட்டத் துணி செக்கிங் பண்ற புள்ள, பாலக்காட்டுக்காரி. எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. வார்த்தை நான் சொன்னது. தாஸண்ணன் ரெண்டு தடவை முடியாதுன்னுட்டாரு. மூணாந்தடவை நான் அழுதுபோட்டேன். 'எங்கம்மாவைத் தொட்டுக் குளிப்பாட்டுன கை கேக்குது, மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்'னாரு."

"ஏன் அக்கா?"

"ஏனுங்க அம்மணி, பதினேழு வருசம். வருசத்துக்கு இருபது நாள் வருவாரு. அதும் ஆடியில. கோயில் நோம்பி பார்த்துப்போட்டு, கறி தின்னுபோட்டு, பொட்டியைத் தூக்கிருவாரு. புள்ளையை நான் வளர்த்துனேன். மாமனாரைக் கடைசி வரைக்கும் நான் பார்த்தேன். இந்தத் தையல் ஷெட்டை நான் போட்டேன், பதினாலு பேரு கஞ்சி குடிக்கறாங்க. சரி, ரிட்டயராயி வந்துட்டாரு, இனியாச்சும் ராத்திரி கதவுச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பார்க்க ஒரு ஆளு இருக்குதுன்னு நெனச்சேன். மூணே மாசம். ரெண்டு டிக்கெட்டைச் சாமி படத்துக்கு முன்னால வெச்சுப்போட்டு, 'ராசாத்தா, கெளம்பு'ங்கறாரு."

"வரலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னாத் தனியாப் போயிருவாருங்க." அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். "போனவருதானுங்களே?"

எனக்கு எப்போதும் நாக்கின் நுனியில் ஒரு ஜோக் இருக்கும். அந்த நேரத்தில் அது வெளியே வர மறுத்துவிட்டது. அதற்கும் வெட்கம் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கொட்டகை வாசலில் நஞ்சுண்டன் நின்றிருந்தார். தோளில் ஈரத் துண்டு. எவ்வளவு கேட்டார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முகம் சொன்னது.

"நீயா?" என்றார்.

ராசாத்தாள் எழுந்து நின்றார். தலையைக் குனியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க. பட்டாக்காரனைக் கேட்டீங்க, நோட்டரியைக் கேட்டீங்க, பக்கத்து ஊட்டுக்காரனைக் கேட்டீங்க. மரத்தைக் கூடத் தட்டிக் கேட்டீங்களாமா."

"தாஸு இதுக்கு எப்படி ஒத்துக்கிட்டான்?"

மேடம் வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார். நஞ்சுண்டன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா? எங்கிட்டச் சொல்லவேயில்லை?"

"வாரா வாரம் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவீங்க. தறிக்காரன் வாடகை குடுத்தானா, தென்னைக்கு மருந்து அடிச்சாச்சான்னு கேப்பீங்க. வியாழக்கிழமை எங்க போனேன்னு கேக்கலைங்க."

மேடம் பழுப்பு உறையை அவர் கையில் கொடுத்தார். பிரித்தார். முதல் தாளிலேயே அவர் பெயர். கீழே இரண்டு கையெழுத்து. வீடு நிற்கிறது, கூட்டித் துடைத்து நிற்கிறது, அவருடையதேதான்.

"கேஸ் முடிஞ்சுதுங்க," என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "டிக்கெட்டும் இருக்குது. போயி நிம்மதியா..."

"பக்கத்து ஊடு அவனுதுங்க," என்றார் நஞ்சுண்டன்.

அவர் போனை எடுத்து தாஸைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். ஓய்ந்தது. மூன்றாவது முறை பாதியிலேயே துண்டிக்கப்பட்டது. மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியிருந்தது. பதினாலு பேரும் துணியைப் பார்ப்பதுபோல் இவரைத்தான் பார்த்தார்கள்.

"கோயில் வாசல்ல வெச்சு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

ராசாத்தாள் தன் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிட்டார். ஒரே மணி.

"சொல்லு தங்கச்சி," என்றது தாஸின் குரல். ராசாத்தாள் போனைத் துணி வெட்டும் மேஜை மேல் வைத்தார்.

"அண்ணா, இவருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நானே சொல்லிப்போட்டேன். பக்கத்துல நிக்கறாரு. குடுக்கட்டுங்களா?"

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் கேட்டது.

"குடுக்காத அம்மணி."

நஞ்சுண்டனின் கை, நீட்டிய இடத்திலேயே நின்றது.

"அவன் இப்ப மன்னிப்புக் கேப்பான். பரவாயில்லைடான்னு நான் சொல்லணும். எனக்கு வாய் வரலை. நீயும் ஒண்ணும் பேசாத. போனு அப்படியே இருக்கட்டும்."

நஞ்சுண்டன் மேஜைப் பக்கத்தில் ஒரு துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கிறதுதான். ஆனாலும் காதைப் போனுக்கு அருகில் கொண்டுபோனார். ராசாத்தாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, ஒரு கை தூரம் விட்டு, அவரும் உட்கார்ந்தார்.

மேடம் என் சட்டைக் கையை இழுத்தார். மேஜையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். போன் திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் பேசவில்லை. யாரும் துண்டிக்கவும் இல்லை.